நாலு ஜிபி கார்டு

2024இல் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டுப் பையன் அனுப்பியிருந்தான். அவனும் அவன் அப்பாவும் காலை ரயிலில் சென்னைக்கு வந்து, ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொட்டேஷன் எழுதி வாங்கிக்கொண்டு, "யோசிச்சு வர்றோம்" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். அந்தத் தாளின் படம்தான் அது. கீழே ஒரு வரி: "மாமா, இது கேமிங்குக்கு ஓகேவா?" (அக்கா பையன் என்னை மாமா என்று கூப்பிடுவதால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நான் மாமா.)

தாளில் இருந்தது இவ்வளவுதான். ஐ5 பிராசசர், போர்டு. 16 ஜிபி ராம். 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 512 ஜிபி எஸ்எஸ்டி. 450 வாட் எஸ்எம்பிஎஸ். ஆர்ஜிபி லைட் வைத்த கேமிங் கேபினட். 20 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ். மொத்தம் 28,500 ரூபாய்.

வழக்கமாக இங்கே புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது இந்தத் தாளை. ஏழு வரி. ஆனால் குறைந்த காசில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிற எவனும் முதலில் படிக்கிற பிரதி இதுதான். அதை நம்பி ஒரு குடும்பம் சீட்டு எடுத்த பணத்தைக் கொடுக்கப் போகிறது. அப்பா மினி லாரி ஓட்டுகிறார். பையனுக்கு வாக்குக் கொடுத்திருந்த தொகை முப்பதாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்பதையும் பையனே சொல்லிவிட்டான்.

அவனுக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. வாலரன்ட் ஓடணும், ஜிடிஏ 5 ஓடணும், காலேஜில் கோடிங் சொல்லிக்கொடுத்தால் அதற்கும் ஆகணும்.

முதல் வரி ஐ5. இன்டெல் இந்தப் பெயரை 2009இலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறது. 2009இல் வந்ததும் ஐ5, 2023இல் வந்ததும் ஐ5. "அம்பாசிடர் கார்" என்று மட்டும் சொல்லி எந்த வருஷத்து வண்டி என்று சொல்லாமல் விற்பது போலத்தான். பையனிடம் கடைக்குப் போன் போட்டு "எந்த ஜெனரேஷன்?" என்று கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: மூணாவது. ஐ5-3470. அது 2012இல் வந்த சிப். நான்கு கோர், நான்கு திரெட். 2022இல் வந்த ஐ3-12100 என்ற, பெயரில் ஒரு படி கீழே இருக்கிற சிப்பில் அதே நான்கு கோருக்கு எட்டு திரெட். ஒவ்வொரு கோரும் பழையதைவிட அதிக வேலை செய்யும். ஆனால் தாளில் "ஐ3" என்று எழுதியிருந்தால் அந்த அப்பா முகம் சுளித்திருப்பார். ஐந்து மூன்றைவிடப் பெரிது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வேகத்தை விடுங்கள், வேறொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியல், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது ஜெனரேஷனில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 வரைதான் ஆதரவு என்பது அப்போதே அறிவித்த விஷயம். ஆக, அந்தப் பையன் வாங்கப் போவது 17 மாதத்தில் காலாவதி ஆகிற விண்டோஸ் மட்டுமே முறையாக ஓடக்கூடிய ஒரு பெட்டி. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிற கடைகள் நிறைய உண்டு. ஆனால் வாலரன்ட் கேட்காது. அதோடு வருகிற வேன்கார்ட் என்ற திருட்டாட்டத் தடுப்பு, விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் ஆட்டத்துக்குள் விடாது. எதற்காக வாங்குகிறானோ அதுவே ஓடாத நாள் வரும், அதுவும் அப்பா சீட்டுத் தவணை கட்டி முடிப்பதற்குள்.

இனி மூன்றாவது வரி. எனக்கு இதுதான் தாளின் மையம்: "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு."

நம்மூரில் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று. எத்தனை ஜிபி? ஆட்டக்காரப் பசங்களும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். "என்கிட்ட ரெண்டு ஜிபி கார்டு, அவன்கிட்ட நாலு ஜிபி." கார்டின் நினைவகம் எவ்வளவு என்பது ஒரு பாத்திரத்தின் கொள்ளளவு. தேவையான எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கிற குழாய் எவ்வளவு அகலம், பக்கத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பவை வேறு எண்கள். அவை தாளில் வருவதில்லை.

மறுபடி போன். அந்த நாலு ஜிபி கார்டு எது? "என்விடியா சார், நாலு ஜிபி என்விடியா." சரிங்க, மாடல்? ஜிடி 730.

ஜிடி 730 வந்தது 2014இல். அந்த ஒரே பெயரில் அப்போதே மூன்று வேறு பொருள்கள் வந்தன. ஒன்றில் 96 கோர், அதற்கும் முந்தைய ஃபெர்மி தலைமுறைச் சிப். மற்ற இரண்டில் 384 கோர், கெப்லர் சிப். அந்த இரண்டில் ஒன்றுக்கு ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு சுமார் 40 ஜிபி தரவு போய்வரும். இன்னொன்றுக்குச் சாதாரண டிடிஆர்3, நொடிக்கு 14.4 ஜிபி. சந்தையில் "4 ஜிபி" என்று பெரிதாகப் போட்டு விற்கிறவை டிடிஆர்3 ரகம்தான். மலிவு நினைவகம் என்பதால் அதை நிறைய வைக்கக் கட்டுப்படியாகிறது. அதாவது பெட்டியில் பெரிய எண் இருக்கிற கார்டே உள்ளே மெதுவான கார்டு. அந்தச் சிப் நாலு ஜிபியை நிரப்புகிற மாதிரி ஒரு காட்சியை வரையத் தொடங்கினால், நிரப்பி முடிப்பதற்குள் ஆட்டத்தில் நம்மைச் சுட்டிருப்பார்கள். புதிய ஆட்டங்களுக்காக என்விடியா டிரைவரைத் திருத்துவதும் ஃபெர்மிக்கு 2018இலும் கெப்லருக்கு 2021இலும் நின்றுவிட்டது.

இதில் கடைக்காரரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, வேறொரு கடையில், இருபது வருஷமாக அங்கே இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "சார், வர்றவங்க எத்தனை ஜிபின்னுதான் கேக்குறாங்க. நான் பேண்ட்வித் எழுதிக் குடுத்தா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. அவன் நாலு ஜிபின்னு எழுதுவான்." தாளில் இருக்கும் சொற்கள் வாங்குபவனின் சொற்களேதான். அவற்றை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் என் சொந்தத் தவறு ஒன்று. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நியாயமில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2022இல், அக்கா பையனுக்கு நானே பட்டியல் போட்டுக்கொடுத்தேன். தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லை. அதனால் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், அதே சிப்புக்குள் ஓரளவுக்கு ஆட்டம் ஓட்டக்கூடிய வேகா கிராபிக்ஸ். யோசித்துத்தான் எழுதினேன். ராம் வரியில் "16 ஜிபி டிடிஆர்4" என்று எழுதினேன். கடையில் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகக் கொடுத்தார்கள். நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸுக்கு என்று தனி நினைவகம் கிடையாது. ராமிலிருந்துதான் அது கடன் வாங்க வேண்டும். டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒன்று போட்டால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு. இரண்டு ஸ்டிக் சரியான இடங்களில் போட்டால் இரண்டு சேனலும் சேர்ந்து 51.2 ஜிபி. விலை கிட்டத்தட்ட ஒன்று. மொத்தக் கொள்ளளவு ஒன்று. கொட்டேஷனில் இரண்டும் "16 ஜிபி ராம்" என்ற ஒரே வரி. அந்தப் பையன் எட்டு மாதம் ஜிடிஏவை முக்கி முக்கி ஓட்டிக்கொண்டு, "பட்ஜெட் பிசின்னா இவ்ளோதான் போல" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா மனம் கோணக்கூடாதாம். பொங்கலுக்குப் போனபோது நானே உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு எட்டு ஜிபி ஸ்டிக் இரண்டு மாற்றி, பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் (செய்யாவிட்டால் பல ஸ்டிக்குகள் அவற்றின் பெயரில் இருக்கும் வேகத்தில் ஓடுவதில்லை) நாற்பது பிரேமுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தது அறுபதைத் தொட்டது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வருஷக்கணக்காக இந்த விஷயங்களைப் படிக்கிற நானே ஒரு பொருளுக்கு ஒரு எண் எழுதி அனுப்பிவிட்டேன்.

எதிர் வீட்டுப் பையனுக்கு நான் எழுதிக்கொடுத்த மாற்றுப் பட்டியல் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. 5600ஜி, ஏ520 போர்டு, எட்டு ஜிபி ஸ்டிக் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ, ஓரளவு நல்ல எஸ்எம்பிஎஸ், லைட் இல்லாத கேபினட். அப்போதைய விலையில் 27,000ஐ ஒட்டி வந்தது. மானிட்டருக்குக் காசு மிஞ்சவில்லை. வீட்டில் 32 இன்ச் டிவி இருந்தது. இப்போதைக்கு அதிலேயே போடு என்றேன்.

அன்று இரவு அவன் அப்பா போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கடைல கார்டும் குடுத்து மானிட்டரும் குடுத்து இருபத்தெட்டுன்னான். நீங்க சொல்றதுல கார்டே இல்ல, மானிட்டரும் இல்ல. கேபினட்ல லைட்டு கூட இல்ல. கிட்டத்தட்ட அதே காசு. எனக்கு ஒண்ணும் புரியல சார்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற யாருக்கும் என்னுடையதுதான் ஏமாற்று வேலையாகத் தெரியும். கிராபிக்ஸ் வரியில் அவர்களிடம் "4 ஜிபி". என்னிடம் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நொடிக்கு 51.2 ஜிபி இருக்கிறது, அந்த நாலுக்குப் பின்னால் 14.4தான் இருக்கிறது என்பதை லாரி ஓட்டுகிறவருக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் அவர் பாஷையிலேயே முயன்றேன். "அண்ணே, லாரில டீசல் டேங்க் பெருசா இருந்தா லோடு இழுத்துடுமா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இன்ஜின் வேணும்ல சார்." அவ்வளவுதான், அவர் பிடித்துக்கொண்டார். உவமை அத்தனை கச்சிதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வேலை செய்தது.

இப்போது அந்தப் பழைய கேள்வி. எத்தனை ஜிபி என்று கேட்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? கடைத்தெரு மட்டும் கிடையாது. தயாரிப்பவர்களே இதை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜிடி 1030 என்ற கார்டு 2017இல் வந்தது. ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு 48 ஜிபி. குறைந்த காசுக்கு நியாயமான கார்டு. 2018இல் அதே பெயரில், அதே 384 கோருடன், டிடிஆர்4 நினைவகம் வைத்து இன்னொன்று வந்தது. நொடிக்கு 16.8 ஜிபி. ஆட்டங்களில் பல இடங்களில் முன்னதின் பாதி வேகம்தான். இரண்டுமே "2 ஜிபி ஜிடி 1030". பெட்டியின் ஓரத்தில் இருக்கிற ஓரெழுத்து வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தவன் தப்பித்தான்.

ஏஎம்டியும் இதில் சளைத்தது இல்லை. 2017இல் ஆர்எக்ஸ் 560 என்ற பெயரில் 1024 கோர் கார்டும் 896 கோர் கார்டும் ஒன்றாகவே கடையில் இருந்தன. விமர்சகர்கள் சத்தம் போட்ட பிறகு அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 கோர். 2018இல் சீனாவுக்கென்று "580 2048எஸ்பி" ஒன்று வந்தது. சாராம்சத்தில் அது 570தான். அதெல்லாம் பிறகு பழைய சாமான் சந்தைக்கு வந்து, பின்னொட்டு உதிர்ந்து, வெறும் 580 ஆகிவிடுகிறது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050 2022இல் 8 ஜிபியுடன் வந்தபோது 2560 கோர், 128 பிட் பாதை. 2024 பிப்ரவரியில் "3050 6 ஜிபி" வந்தது. பெயரைப் படித்தால் நினைவகம் மட்டும் இரண்டு ஜிபி குறைவு என்றுதான் தோன்றும். உள்ளே கோர் 2304, பாதை 96 பிட், எடுக்கும் மின்சாரம் 130 வாட்டிலிருந்து 70 வாட். அது தனிப்பட்ட முறையில் கெட்ட கார்டு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனி மின் இணைப்பு இல்லாமலே ஓடுவதால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருக அருமையான கார்டு. அப்படியானால் அதற்கென்று ஒரு பெயர் வைத்திருக்கலாமே? 3040 என்று ஒரு எண் உலகத்தில் இல்லாமலா போய்விட்டது?

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் உண்டு. 2022 செப்டம்பர் 20 அன்று என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080ஐ இரண்டு வகையாக அறிவித்தது. 16 ஜிபி, 12 ஜிபி. பெயரில் நினைவகம்தான் வித்தியாசம், உள்ளே 9728 கோருக்குப் பதில் 7680. சரியாக மேலே சொன்ன அதே உத்தி. ஆனால் 12 ஜிபி கார்டின் விலையே 899 டாலர். இணையம் பொங்கியது. அக்டோபர் 14 அன்று, ஒரு கார்டுகூட விற்பனைக்கு வருவதற்கு முன்பே, அந்தப் பெயர் குழப்பம் தருகிறது என்று சொல்லி நிறுவனமே திரும்பப் பெற்றது. அந்தக் கார்டு அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில், 799 டாலருக்கு வந்தது.

24 நாள்! 899 டாலர் கொடுக்கிறவர்களுக்குக் குழப்பம் என்றால் 24 நாளில் தீர்வு. மூவாயிரம் ரூபாய்க் கார்டு வாங்குகிறவனின் குழப்பம் ஜிடி 730 வந்த 2014இலிருந்து அப்படியே கிடக்கிறது. விமர்சகர்கள் மலிவுக் கார்டுகளைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லவில்லை. 1030 விஷயத்தையும் 560 விஷயத்தையும் அவர்கள்தான் அளந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த அளவீடு விழுப்புரத்துக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது பட்டியல்தான்.

பட்டியல் என்று நான் சொல்வது "500 டாலரில் சிறந்த கேமிங் பிசி" வகைக் கட்டுரைகளையும் வீடியோக்களையும். தமிழில் வருகிறவற்றில் பாதி அவற்றின் நகல், டாலரை எண்பதால் பெருக்கியது. இங்கே உதிரிபாகத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, அங்கே தள்ளுபடியில் கிடைக்கிற போர்டு இங்கே கிடைப்பதே இல்லை. அதையெல்லாம்கூட மன்னிக்கலாம். என்னால் மன்னிக்க முடியாதது, நிபந்தனையைக் கழற்றிவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது.

ஓர் உதாரணம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 2022 ஜனவரியில் வந்தது, 4 ஜிபி. போர்டோடு பேச அதற்கு நான்கு தடம்தான் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள இடத்தில் செருகினால் அந்த நான்கு தடத்தில் நொடிக்கு 8 ஜிபி அளவுக்குப் போய்வரும். 3.0 உள்ள பழைய போர்டில் அது பாதி. ஆட்டம் நாலு ஜிபிக்கு மேல் கேட்கத் தொடங்கியதும் கார்டு அந்தக் குறுகிய பாதை வழியாக ராமுக்கு ஓடி ஓடி வர வேண்டும். அப்போது பிரேம் கணக்கு பொத்தென்று விழும். வெளியான சமயத்தில் நல்ல விமர்சனங்கள் எல்லாமே இதைச் சோதித்துச் சொல்லிவிட்டன. ஆனால் மலிவுக் கார்டை வாங்குகிறவன் யார்? புது போர்டு வாங்கக் காசில்லாமல் பழைய போர்டில் செருகுகிறவன். அதாவது எந்த நிபந்தனையில் அந்தக் கார்டு சொதப்புமோ அந்த நிபந்தனையில் இருக்கிறவன்தான் அதன் வாடிக்கையாளன். பட்டியலில் அவனுக்குக் கிடைப்பது "சராசரி 70 எஃப்பிஎஸ்" என்ற ஒற்றை எண், அதுவும் விலை உயர்ந்த பிராசசரோடு புது போர்டில் எடுத்தது. கார்டை மட்டும் தனியே அளக்க அப்படித்தான் சோதிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சோதனைச் சாலையில் சரியான முறை, பட்டியலில் வந்து உட்காரும்போது பொய்யாகிவிடுகிறது.

எதிர் வீட்டுப் பையனுக்கு இது வெறும் தகவல் இல்லை. 5600ஜி, ஏ520 இரண்டுமே 3.0தான். நாளைக்கு அவன் சம்பாதித்து ஒரு கார்டு வாங்கினால் நான்கு தடக் கார்டு அவனுக்கு ஆகாது. அதே 5600ஜியில் எல்3 கேஷும் 16 எம்பிதான். ஒரு எழுத்து குறைந்த 5600இல் 32 எம்பியும் 4.0உம் உண்டு, ஆனால் கிராபிக்ஸ் கிடையாது. பெயரில் "ஜி" கூடியிருப்பதால் அது மேலானது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"பாட்டில்நெக் கால்குலேட்டர்" என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பிராசசர், கார்டு பெயர் கொடுத்தால் "18 சதவீதம் பாட்டில்நெக்" என்று சொல்லும். பையன் எனக்கு அதையும் அனுப்பினான். எந்த ஆட்டம், எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் திரை என்று அது சரியாகக் கேட்காமலே சதவீதம் தருகிறது. வாலரன்ட் பிராசசரைத் தின்னும். சைபர்பங்க் கார்டைத் தின்னும். ஒரே கம்ப்யூட்டரில் காலையில் ஒன்று முட்டும், மாலையில் மற்றொன்று முட்டும். ஜாதகத்துக்காவது பிறந்த நேரம் கேட்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ் வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தீ பிடிக்கக்கூடிய வரி இதுதான். கேபினட்டோடு இலவசமாக வருகிற "450 வாட்" பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரை ஒரு தடவை படித்துப் பாருங்கள். பிராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வரிசையில். நான் பார்த்த ஒன்றில் அங்கே 14 ஆம்பியர் போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168 வாட். மீதி வாட் எல்லாம் இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் வரிசைகளில் காகிதத்தில் இருக்கிறது. 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்பார்கள். அது மின்சிக்கனத்துக்கான சான்று. ஷார்ட் ஆனால் அணையுமா, ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் தாங்குமா என்பதை அது சொல்லாது. முப்பதாயிரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறை இதற்கு ஒதுக்கச் சொன்னபோதுதான் பையன் ரொம்ப வருத்தப்பட்டான். அந்தக் காசில் லைட் வைத்த கேபினட் வந்திருக்கும். வருத்தப்படுகிற வயசுதான்.

வாங்கினார்கள். நான் கூடப் போனேன். பில் போடும்போது "இரண்டு எட்டு" என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்து, ஸ்டிக்கையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கவிட்டேன். கடைக்காரர் என்னைச் சந்தேகப் பிராணி என்று நினைத்திருப்பார். பில்லின் பின்பக்கம் எதிர்காலத்தில் வாங்கக்கூடாத கார்டு மூன்றின் பெயரை எழுதி, பையனின் அப்பா சட்டைப்பையில் வைத்தேன். அவர் அதை எடுத்துப் பத்திரமாக லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பையன் மெசேஜ் அனுப்பினான். வாலரன்டில் நூறு பிரேமுக்கு மேல் வருகிறதாம், ஜிடிஏவும் ஓடுகிறதாம். "ஆனா மாமா, மவுஸை நகத்துனா கொஞ்சம் லேட்டாத்தான் திரும்புது. பிசி ஸ்லோவா?"

டிவி. படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்காக உள்ளே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்கிற டிவி. அந்தத் தாமதம் எத்தனை மில்லிசெகண்டு என்று அதன் பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். நான் கொடுத்த பட்டியலிலும் வெறும் "32 இன்ச் டிவி இருக்கு" என்றுதான் இருந்தது.

செட்டிங்ஸில் கேம் மோடு என்று ஏதாவது இருக்கிறதா பார், இல்லாவிட்டால் டிவியின் பின்னால் இருக்கும் மாடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். இன்னும் அனுப்பவில்லை.